போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்: அல்சூர் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் பாதிக்குப் பாதி தமிழ் வீடுகள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். கன்னடம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் படிக்க வராது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். போனில் ஏதாவது கோளாறு என்றால் முனைக்கடைப் பையனிடம் கொடுத்து, லாக் எண்ணையும் சொல்லிவிட்டு, "சாயங்காலம் வாங்கிக்கிறேன்பா" என்று வந்துவிடுவார்கள். வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், ஆதார் எல்லாம் அந்தப் போனுக்குள் இருக்கிறது. பீரோ சாவியை இப்படி யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவார்களா?

அதனால்தான் ஞாயிறு காலைகளில் எங்கள் வாசலில் உட்கார்ந்து சொல்லித்தர ஆரம்பித்தேன். ஒரே நிபந்தனை: போன் உங்கள் கையிலேயே இருக்கும். நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் அழுத்த வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் ஆண்ட்ராய்டு போனை வைத்து எழுதியது. கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும்.

தம்பி, போட்டோவையெல்லாம் அழிச்சுட்டேன். இன்னும் 'ஸ்டோரேஜ் ஃபுல்'னே சொல்லுதே?

அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. கூகுள் போட்டோஸில் அழித்தால் அது முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது. பேக்கப் ஆன (அதாவது கூகுளில் பிரதி சேர்ந்த) படம் 60 நாளும், ஆகாதது 30 நாளும் அங்கே கிடக்கும். தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

ஆனால் இடத்தை அடைப்பது பெரும்பாலும் போட்டோ இல்லை, வாட்ஸப்தான். எதிர்வீட்டு அத்தையின் 64 ஜிபி போனில் வாட்ஸப் மட்டுமே 19 ஜிபி பிடித்து வைத்திருந்தது. வாட்ஸப்பில் செட்டிங்ஸ், அதில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக, பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாக நிற்கும். அதற்குக் கீழே எந்த குரூப் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியல். அத்தைக்கு ஒரே ஆடித் திருவிழா வீடியோ நான்கு குரூப்பிலிருந்து நான்கு தடவை வந்திருந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். மாமா இறப்பதற்கு முந்தைய வருடம் அனுப்பிய குரல் பதிவு. 14 நொடி. "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா, மறந்துடாதே" என்கிறார், அவ்வளவுதான். மொத்தமாக 'செலக்ட் ஆல்' போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். அந்த மாதிரி பதிவை விரலை வைத்து அழுத்தி, ஷேர் கொடுத்து, கூகுள் டிரைவுக்கு அனுப்பிவிடுங்கள். அத்தை தன் மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். நான் அழுத்தியிருந்தால் எனக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது. போனை உங்கள் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வது திருட்டுக்குப் பயந்து மட்டும் இல்லை.

இனிமேல் நிறையாமல் இருக்க, அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பக்கத்தில் 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' பகுதியில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தொட்டால் அது மட்டும் இறங்கும்.

இன்னொன்று, இதில் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பது பேக்கப் ஆன படத்தைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். 'டெலிட்' என்பது கூகுளில் இருப்பதையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டும் ஒன்றில்லை.

ஜிமெயிலுக்கு லெட்டரே வரமாட்டேங்குது. ஏன்?

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அதுதான். 2021 ஜூனிலிருந்து புதிதாக ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. பிறகு வாட்ஸப் பேக்கப்பும் சேர்ந்துகொண்டது. நிறைந்துவிட்டால் மெயில் வருவது நிற்கும். மாதக் காசு கட்டும் முன், கூகுள் ஒன் செயலியில் எது பெரிது என்று பாருங்கள். வாட்ஸப் பேக்கப்பில் 'இன்க்ளூட் வீடியோஸ்' டிக்கை எடுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

கரண்ட் பில் கன்னடத்துல இருக்கு. எனக்கு அமவுண்ட் மட்டும்தான் புரியுது.

இதற்குத்தான் கூகுள் லென்ஸ். கூகுள் தேடல் பெட்டியின் ஓரத்தில் சின்ன கேமரா படம் இருக்கும். அதைத் தொட்டு, பில்லுக்கு நேரே பிடித்து, கீழே 'டிரான்ஸ்லேட்' தேர்ந்தெடுத்து, மேலே மொழியில் தமிழ் வையுங்கள். கன்னட எழுத்து இருந்த இடத்திலேயே தமிழ் எழுத்து வந்து உட்காரும். முதல் தடவை பார்த்தபோது பக்கத்து வீட்டு அக்கா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலையான கட்டணம் எவ்வளவு, யூனிட்டுக்கு எவ்வளவு, பழைய பாக்கி உண்டா என்று இருபது வருடத்தில் முதல் முறையாகத் தானே படித்தார்.

மொழிபெயர்ப்பு சில இடத்தில் சொதப்பும். எண்களை மட்டும் அசல் பில்லில் ஒருமுறை சரிபாருங்கள். வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும், பில் கசங்கியிருக்கக் கூடாது. பஸ் பலகை, ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டிய அறிவிப்பு, மாநகராட்சி நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

கட்டுவதற்கு, பெங்களூருக்கு மின்சாரம் தரும் பெஸ்காமின் பில்லில் உள்ள 10 இலக்க அக்கவுண்ட் ஐடி போதும். யூபிஐ செயலியில் மின்கட்டணம் பகுதியில் பெஸ்காமைத் தேர்ந்து அதைப் போட்டால் பெயரும் தொகையும் வரும். பெயர் உங்களுடையதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

"இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று ஏதோ ஒரு செல் எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் அது பொய். அழைத்தால் ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். அதன் வழியாக உங்கள் திரை அவர்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் பெஸ்காமின் 1912-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் வாங்கறதுக்கும் பின் நம்பர் போடணுமா, தம்பி?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். யூபிஐ பின் போடுவது பணம் அனுப்பவும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும்தான். உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, எதையும் அழுத்த வேண்டியதில்லை.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பழைய இரும்புக் கட்டிலை விற்க ஒரு செயலியில் போட்டோ போட்டார். பத்து நிமிடத்தில் அழைப்பு. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன், கட்டில் வேண்டும், பேரமே பேசவில்லை. "நான் க்யூஆர் அனுப்பறேன், நீங்க ஸ்கேன் பண்ணி பின் போட்டா 6,500 வந்துடும்." அண்ணன் போட்டார். 6,500 போனது. "தப்பா போயிடுச்சு சார், இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்" என்றான். அதையும் போட்டார். 13,000.

அண்ணன் ஏமாளி இல்லை. முப்பது வருடம் கணக்கு எழுதியவர். அந்த ஆள் ஒரு நொடிகூட யோசிக்க விடாமல் பேசிக்கொண்டே இருந்தான், அதுதான் நடந்தது. ஏமாந்தவரை வீட்டில் திட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். திட்டுக்குப் பயந்து மறைத்தால் புகார் சொல்லும் நேரம் போய்விடும்.

போயிடுச்சுன்னா என்ன செய்யறது?

உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான எண் இது. நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு, அதனால் நிமிடக் கணக்கு முக்கியம். கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் பெயர், தொகை, நேரம், யூபிஐ செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் தெரியும் 12 இலக்க யூடிஆர் எண். அப்புறம் வங்கியின் உதவி எண்ணுக்கும் அழைத்துப் புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதிப்படி, வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் திருட்டு வங்கியின் பொறுப்பு. அதற்கு அந்தப் புகார் எண்தான் சாட்சி.

அண்ணன் இருபது நிமிடத்துக்குள் 1930-இல் சொல்லிவிட்டார். முதல் 6,500 கிடைக்கவில்லை. இரண்டாவது நின்றது, சில வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

வாட்ஸப்ல கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டா 'இன்ஸ்டால்'னு கேக்குது.

தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாகவோ, பிடிஎஃப் ஆகவோ, வீடியோவாகவோ வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது ஒரு செயலி. உள்ளே போய் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பும். போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) என்ற பெயரிலும் இதே சரக்கு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்பாதீர்கள், அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருக்கலாம்.

செட்டிங்ஸில் தேடும் இடத்தில் 'அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இல்லை என்று வைத்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்து, வேறொருவர் போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் செயலியை நீக்குவது, போனை முழுக்க அழித்து ரீசெட் செய்வது எல்லாம்.

போலீஸ் வீடியோ கால்ல வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு சொல்றாங்களாமே?

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. கட் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி யாரிடமாவது சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்பதுதான் அவர்கள் போடும் முதல் கட்டளை, அதை மீறினாலே பாதிப் பிடி விட்டுவிடும்.

தமிழ்ல டைப் அடிக்க வரலை. இங்கிலீஷ்லயே தமிழை எழுதறேன், பேத்திக்குப் புரியமாட்டேங்குது.

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். இரண்டு விதமாக அடிக்கலாம். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக மாறும் வகை ஒன்று, நேரே தமிழ் எழுத்துகள் உள்ள வகை இன்னொன்று. ஆங்கிலம் தட்டித் தடுமாறுபவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு வாரம் தேட வேண்டியிருக்கும், பிறகு விரல் தானே போகும். 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம், வேகத்துக்கு அதுதான் நல்லது.

கண் சரியில்லாதவர்கள் மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். சாதாரண வாக்கியம் நன்றாகவே விழும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், மாத்திரைப்பெயர் மூன்றும் தப்பாக விழ வாய்ப்பு அதிகம். அனுப்பும் முன் அவற்றை மட்டும் படித்துப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு சிக்கல்: அச்சகத்தில் கொடுத்து வாங்கிய பத்திரிகை வாசகத்தைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடக்கும். ஃபைல் கெடவில்லை. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு உங்கள் போனில் இல்லை. எல்லாப் போனுக்கும் பொதுவான யூனிகோடில் மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லை என்றால் பிடிஎஃப் ஆக வாங்குங்கள்.

பாஸ்வேர்டை நோட்டுல எழுதலாமா? மகன் கூடாதுன்னு சத்தம் போடறான்.

எழுதுங்கள். மகன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதும், பையன் போட்டுக் கொடுத்ததை மறந்துவிட்டு வருடத்துக்கு ஒரு புது ஜிமெயில் தொடங்குவதும்தான் பெரிய ஆபத்து. ஒரு சின்ன நோட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில். ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு, மீட்பு எண்ணாக எந்த போனைக் கொடுத்திருக்கிறீர்கள், வாட்ஸப்பின் 6 இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண். கூகுள் கணக்கில் பேக்கப் கோடு என்று 8 இலக்க எண்கள் பத்து தருவார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். போனே இல்லாவிட்டாலும் உள்ளே போக அதில் ஒன்று போதும். யூபிஐ பின், ஏடிஎம் பின் மட்டும் நோட்டில் கூடாது.

மறந்தே போயிருந்தால், வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான வைஃபையில் இருந்தபடி மீட்க முயலுங்கள். இடமும் கருவியும் பழகியதாக இருந்தால் கூகுள் நம்புவது சுலபம். தொடாமலே கிடக்கும் பழைய கணக்கை இரண்டு வருடத்துக்குப் பிறகு கூகுள் அழித்துவிடலாம். பழைய படங்கள் அதில் இருந்தால் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

சிவாஜிநகர் பஸ்ல போன் போயிடுச்சு. முதல்ல எதைச் செய்யணும்?

முதலில் சிம்மை நிறுத்துங்கள். போனுக்கு லாக் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். வேறு போனிலிருந்து உங்கள் சிம் கம்பெனிக்கு அழைத்து எண்ணை முடக்குங்கள், அடுத்து வங்கிக்கு. அப்புறம் கர்நாடக போலீஸின் இ-லாஸ்ட் என்ற தொலைந்த பொருள் புகார்ச் சேவையில் புகார் பதிந்து ரசீது வாங்குங்கள். அதே எண்ணில் புது சிம் வாங்கியதும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், சிஇஐஆர் பகுதியில், அந்த ரசீதை ஏற்றி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் தடை செய்யுங்கள். பிறகு அந்தப் போனில் எந்த சிம் போட்டாலும் இந்தியாவில் வேலை செய்யாது.

ஐஎம்இஐ என்பது 15 இலக்க எண். *#06# அழுத்தினால் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும். போன் தொலைந்த பிறகு அழுத்த முடியாது, ஆகவே இதைப் படித்து முடித்ததும் அழுத்தி நோட்டில் எழுதிவிடுங்கள்.

சிம்முக்கே ஒரு லாக் உண்டு, செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடினால் வரும். இது போட்டிருந்தால் கழற்றிய சிம் திருடனுக்கு உதவாது. ஆனால் கம்பெனி வைத்த ஆரம்ப எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே எண் கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம்மே போய்விடும்.

பழைய போனை எஸ்.பி. ரோட்டுக் கடையில குடுத்துடலாமா?

கொடுக்கலாம். அதற்கு முன் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுங்கள். யூபிஐ செயலிகளிலிருந்து வெளியேறுங்கள். கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும், அவர் உங்களைத் தேடி வருவார்.

ஹால்ல வைஃபை பறக்குது, உள் ரூம்ல இல்லவே இல்லை.

வைஃபை ரவுட்டரில் இரண்டு பெயர் தெரிந்தால் 5ஜி என்று முடிவது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டாது. இங்கே 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ், சிம்மின் 5ஜி வேறு. உள்ரூமில் மற்றதில் சேருங்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் தரையில் வைக்காமல் ஆள் உயரத்தில், வீட்டின் நடுவாக வையுங்கள். நம் பழைய வீடுகளின் தடித்த சுவருக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை.

அப்பாவுக்குக் கை நடுக்கம். ஒண்ணைத் தொட்டா வேற ஏதோ திறக்குது. பட்டன் போனே வாங்கிக் குடுத்துடட்டுமா?

அதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி'. அதில் 'டச் அண்ட் ஹோல்டு டிலே' என்பதை 'லாங்' ஆக்குங்கள். விரல் சற்று அதிக நேரம் தங்கினாலும் தேவையில்லாத மெனு திறக்காது. சில போன்களில் திரும்பத் திரும்பப் படும் தொடுதலைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதியும் அங்கேயே இருக்கும். எழுத்தளவையும் திரை அளவையும் பெரிதாக்குங்கள். முதல் பக்கத்தில் நான்கே நான்கு படம் வையுங்கள். மகளின் எண்ணை விட்ஜெட் ஆக, அவள் முகத்தோடு, பெரிதாக வையுங்கள்.

கேட்டவரின் அப்பாவுக்கு 81 வயது. அவரையும் எங்கள் வாசலில் உட்காரவைத்து, அவர் விரலாலேயே இதையெல்லாம் மாற்றினோம். முக்கால் மணி நேரம் ஆனது. மகள் இரண்டு தடவை போனை வாங்கக் கை நீட்டினார், அவர் கொடுக்கவில்லை. கடைசியில் மகளின் படத்தைத் தொட்டார். பக்கத்தில் நின்றிருந்த மகளின் கைப்பையில் போன் அடித்தது.